கொதிகலனும் உடையாத தேங்காயும்

பெரம்பூர் அடைக்கல மாதா அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில், இருதயராஜ் வீட்டு ஃப்ரிட்ஜின் தலைமேல் ஒரு தேங்காய் உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏறி உட்கார்ந்தது, இறங்கவே இல்லை. சட்னிக்கும் போகவில்லை, குழம்புக்கும் போகவில்லை. சர்க்கரை கடன் கேட்கும் சாக்கில் உள்ளே எட்டிப் பார்த்த எதிர்வீட்டு வேதவல்லி, "ஜெபமாலை மாட்டியிருக்கிற வீட்ல எதுக்குங்க குங்குமம் வச்ச தேங்கா?" என்று மாடிக்கு மாடி விசாரித்தாள். கேட்க வேண்டிய கேள்விதான். ஊரே காதில் 'இதம்' தோடு மாட்டிக்கொண்டு திரிகிற காலத்தில், அடுத்தவர் பேச்சு சரியாகக் காதில் விழாது என்பதற்காகவே தோடு போடாமல் இருப்பவள் வேதவல்லி. அவள் தவறவிட்டதென்று அந்த அடுக்ககத்தில் எதுவுமில்லை.

விஷயம் இதுதான். 'கொதிகலன்' என்று ஒரு மெட்டல் இசைக்குழு. ரயில்வே பணிமனைக்குப் பின்னால் வளர்ந்த நாலு பையன்கள், சம்மட்டி அடிக்கிற சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டுப் பெரியவர்களாகி, கிடாரைக் கையில் எடுத்ததால் வந்த வினை. பாடுகிறவன் தாமோதரன். பாடுகிறவன் என்பது மரியாதைக்குச் சொல்வது. 'கர்ஜனை தாமு' என்றுதான் சுவரொட்டியில் போடுவார்கள். அவன் கர்ஜித்த ஒரு மேடைக்கு எதிரே இருந்த பால் கடையில் அன்றைக்குப் பால் திரிந்துவிட்டது என்று இன்றும் ஒரு பேச்சு உண்டு.

நம் ஊரில் யார் வாயைத் திறந்தாலும் ரசிகர் மன்றம் முளைக்கும். கொதிகலனுக்கும் முளைத்தது. தலைவர் இருதயராஜ், லிஃப்ட் பழுது பார்க்கிறவர். செயலாளர் கோதண்டபாணி. பொருளாளர் அன்வர் பாஷா. ஒரு காலத்தில் வேன் பிடித்துப் போன மன்றம் இப்போது ஒரு ஆட்டோவில் அடங்கிவிடும். டிரைவர் பக்கத்தில் யாரும் தொற்ற வேண்டியதில்லை.

மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. புது ஆல்பம் வந்த அன்று மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஸ்பீக்கரை வைத்து, மாலை போட்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வாய் திறக்காமல் கேட்க வேண்டும். முடிந்ததும் தலைவர் தீர்ப்புச் சொல்வார். நன்றாக இருந்தால் ஸ்பீக்கருக்கு முன்னால் தேங்காய் உடையும். இல்லையென்றால் தேங்காய் தலைவர் வீட்டு அடுக்களைக்குப் போகும். ஒரே ஒரு தடவை அப்படிப் போயிருக்கிறது. அன்வர் சும்மா இருக்காமல் தாமுவிடமே போய், "அண்ணே, சட்னி சூப்பர்" என்று சொல்லிவிட்டான். தாமு ஒன்றரை வருஷம் யாரோடும் பேசவில்லை.

போன ஞாயிறு வெளிவந்த ஆல்பத்தின் பெயர் 'தணல்'. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் வருகிறது. கடைசிப் பாட்டு முடிந்தது. இருதயராஜ் கையில் தேங்காயோடு நின்றார். உடைக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"இன்னா தலைவரே?" என்றான் அன்வர்.

"யோசிக்கிறேன்."

"யோசிக்கிறதுக்கு இன்னா கீது? உடைக்கணும், இல்லாட்டி அண்ணிகிட்ட குடுக்கணும்."

"தாமு அடுத்த ஞாயிறு வர்றான்ல, பிரியாணிக்கு. அவன்கிட்டயே சொல்றேன்."

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்ற விதியில அப்படி இல்லையே."

"விதியை எழுதினதே நான்தான்யா" என்று சொல்லிவிட்டு இருதயராஜ் தேங்காயோடு படியிறங்கினார்.

அவருக்குப் பிடிக்கவில்லை. அதுதான் உண்மை. கொதிகலன் என்றால் மேம்பாலத்தில் பிரேக் பிடிக்காமல் இறங்குகிற லாரி. 'தணல்' லாரியே இல்லை, யாரோ தள்ளிக்கொண்டு போகிற கைவண்டி. டிரம்ஸ் அடிக்கிறவன் ஒரு அடி அடித்துவிட்டு அடுத்ததை அடிக்கலாமா என்று வீட்டில் கேட்டுவிட்டு வருவது போலிருந்தது. தாமு கர்ஜிக்கவே இல்லை, பேசினான். ஒரு இடத்தில் தொண்டையைச் செருமுகிறான். அதை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். இரண்டாவது பாட்டின் நடுவே எல்லாம் நின்றுபோய்விடுகிறது. பாட்டு முடிந்துவிட்டது என்று அன்வர் கைதட்டவே போனான். அப்புறம் ஒரே ஒரு அடி, மறுபடி நகர்கிறது.

பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் தாமு போன மாதம் போனில், "இதான் கடைசி, இருதயம். தொண்டை ரிட்டயர் ஆயிடுச்சு" என்று சொல்லியிருந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். கடைசி ஆல்பத்துக்குச் சட்னி அரைத்தால் மிச்ச ஆயுசுக்கும் தாமு பேச மாட்டான். பொய் சொல்லி உடைக்கலாம் என்றால், பாட்டு விஷயத்தில் இருதயராஜ் அவனிடம் இதுவரை பொய் சொன்னதில்லை. அவர் சொல்லும் 'நல்லாயிருக்கு'வுக்கு இருந்த மதிப்பே அந்தச் சட்னியால் வந்ததுதான்.

"இதுக்குப் போய் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் மனைவி பிலோமினா, இட்லித் தட்டைத் துணியோடு கவிழ்த்தபடி. "இதம் போட்டுக் கேளுங்க. பிடிச்சிரும்."

"மன்றத்துல அது கூடாதுன்னு இருக்கு, பிலோமி."

"மன்றம்! மூணு பேரு."

இதம் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பார்த்தால் சின்னத் தோடு, காது மடலில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பாட்டு ஓடும்போது மடலில் ஓடும் ரத்தக்குழாய் சுருங்குகிறதா, விரிகிறதா என்று பார்க்கும். சுருங்கினால், அதாவது பிடிக்கவில்லையென்றால், பாட்டைக் கொஞ்சம் மாற்றிக் கொடுக்கும். ஒத்துக்கொள்கிறவரை மாற்றும். ஸ்பீக்கரிலிருந்து வந்தாலும், கல்யாண மேளமாக இருந்தாலும், காதுக்குள் போகும்முன் பிடித்து இதமாக்கிவிடும். அதனால் இப்போதெல்லாம் பிடிக்காத பாட்டு என்று யாருக்கும் ஒன்றுமில்லை. பாட்டுக்காகச் சண்டையும் இல்லை. பேருந்தில் ஓட்டுநர் என்ன போட்டாலும் ஐம்பது பேரும் தலையாட்டுவார்கள், ஆளுக்கொரு தாளத்தில்.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும், அவ்வளவுதானே. உப்பு போட்டுக்கிற மாதிரி" என்றாள் பிலோமி. எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அடுத்தவர் காதுக்குள் தலையை விட்டுப் பார்க்கவா முடியும்?

பிலோமி கல்யாணத்துக்கு முன்பிருந்தே தோடு போடுகிறவள். கல்யாணமான புதிதில் இருதயராஜ் பயந்துகொண்டேதான் கொதிகலனின் 'தண்டவாளம்' பாட்டை அவளுக்குப் போட்டுக் காட்டினார். காட்டுத்தனமான பாட்டு. அவள் கேட்டு முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் அதுதான் பாட்டு. அந்தக் கர்ஜனைக்குள் இருக்கும் ஈரத்தைக் கண்டுபிடித்த ஒரே பெண் தன் பெண்டாட்டி என்று இருதயராஜுக்குப் பெருமை. ஒரு குறைதான். துணி மடிக்கும்போது அவள் 'தண்டவாளம்' முணுமுணுத்தால் அது வேறெங்கோ போகும். "நம்ம ரயிலு மறுபடி தடம் புரண்டுருச்சு பிலோமி" என்று இருபது வருஷத்துக்கு மேலாகக் கேலி செய்கிறார். அவளும் சிரித்துக்கொண்டே தடம் புரண்டுகொண்டிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை இருதயராஜ் பீரோவிலிருந்து மனைவியின் பழைய தோட்டை எடுத்துக்கொண்டார். ஒற்றை வெள்ளைக்கல் வைத்தது. லிஃப்ட் மெக்கானிக் காதில் வெள்ளைக்கல் மின்னினால் ஊர் என்ன சொல்லும்? ஆகவே மஃப்ளர் சுற்றிக்கொண்டார். மே மாதம். "தலைவருக்கு உடம்பு முடியலையா?" என்று கீழ்வீட்டில் கேட்டார்கள். வேதவல்லி மட்டும், "உடம்பெல்லாம் ஒண்ணுமில்ல, காதுலதான் ஏதோ" என்றாள்.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. கைவண்டி கைவண்டியாகவே இருந்தது.

"என்னடி இது, எதையும் மாத்தலையே?"

"புதுக் காது இல்லையா? பழகணும். ரெண்டு நாள் போட்டுத்தான் பாருங்களேன்."

புதன்கிழமை கெல்லிஸ் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றிருந்தது. மேலே எஞ்சின் அறையில் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டார். தாமு செருமுகிற இடம் வந்தது. தாமுவுடைய அப்பாவின் சாவுக்கு இவர் போயிருந்தபோது, அவன் பேச ஆரம்பிக்கும்முன் இப்படித்தான் செருமினான் என்று ஞாபகம் வந்தது. கையிலிருந்த எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டார்.

வியாழக்கிழமை மேம்பாலத்தில் வண்டி நகரவில்லை. இரண்டாவது பாட்டு. எல்லாம் நின்றது. லிஃப்ட் ஒரு மாடியில் வந்து சேர்வதற்கு முன்னால் ஒரு கணம் வயிறு மட்டும் மிதக்குமே, அந்த மிதப்பு. பிறகு அந்த ஒற்றை அடி. டிரம்ஸ்காரன் கேட்டுவிட்டு வரத்தான் போயிருக்கிறான், வீட்டில் சரியென்று சொல்லிவிட்டார்கள். இருதயராஜ் பிரேக்கை விட மறந்தார். பின்னால் ஹாரன்கள் கூச்சலிட்டன. வெள்ளிக்கிழமைக்குள் அவர் அந்த மௌனத்துக்காகவே பாட்டைப் போட ஆரம்பித்துவிட்டார். மாடிப்படியில் முணுமுணுத்தார், குளியலறையில் முணுமுணுத்தார். அடுக்ககத்துக்கே மனப்பாடம் ஆகிவிடும் போலிருந்தது.

எவ்வளவு சந்தோஷம்! ஆனால் சனிக்கிழமை காலை சவரம் செய்யும்போது கண்ணாடியில் வெள்ளைக்கல் மின்னியது. கத்தி அப்படியே நின்றது.

இந்தச் சந்தோஷம் யாருடையது? தாமு போட்ட பாட்டு அவருக்குப் பிடித்ததா, அல்லது அவருக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு பாட்டை இந்தக் கல் போட்டுக் கொடுத்ததா? கழற்றிவிட்டுக் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தோட்டில் கை வைத்தார். கைவண்டி திரும்பி வந்துவிட்டால்? கையை எடுத்துவிட்டார். ஒரு வாரம் முழுக்கக் கட்டிய வீட்டில் செங்கல் ஒன்றை உருவிப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தாமு வந்தான். கர்ஜனை தாமுவுக்கு இப்போது மூட்டுவலி. இரண்டு மாடி ஏறியதற்கு மூன்று தடவை நின்றான். கூடத்தில் உட்கார்ந்ததும் முதலில் ஃப்ரிட்ஜைத்தான் பார்த்தான். தேங்காயும் அவனைப் பார்த்தது. குங்குமம் காய்ந்து போயிருந்தது.

"அப்போ உடையல" என்றான் தாமு.

"சட்னியும் ஆகலண்ணே" என்றான் அன்வர், நல்ல சேதி சொல்கிற குரலில்.

இருதயராஜ் மஃப்ளரை அவிழ்த்தார். வெள்ளைக்கல் எல்லோருக்கும் தெரிந்தது. கோதண்டபாணி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"தலைவரே! இது... இது..."

"உட்காரு கோதண்டம். நானே சொல்றேன். டேய் தாமு, முதல் நாள் எனக்குப் பிடிக்கல. சுத்தமாப் பிடிக்கல. உன்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம இதை எடுத்து மாட்டினேன். இப்போ பிடிச்சிருக்கு. அந்த ரெண்டாவது பாட்டு... நடுவுல நிறுத்துற பாரு... ரோட்ல வண்டியை நிறுத்திட்டேன்டா. ஆனா அது நீ போட்டதா, இந்தக் கல்லு போட்டதான்னு எனக்குத் தெரியல. தெரியாம தேங்கா உடைக்க மாட்டேன். தலைவர் பதவியும் வேணாம். விதி நான் எழுதினது."

தாமு அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கழட்டிட்டுக் கேட்டியா?"

"பயமா இருந்துச்சு."

தாமு என்னவோ சொல்ல வாயெடுத்தான், செருமினான். அதற்குள் சங்கடம் தாங்காத அன்வர், ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான். 'தணல்' ஓட ஆரம்பித்தது. சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. பிலோமி கரண்டியோடு ஓடி வந்தாள், முகமெல்லாம் சுருங்கி.

"ஏங்க, என் தோடு கெட்டுப்போச்சா? என்னமோ கர்ணகடூரமா கேக்குது! தகரத்தைப் போட்டு இழுக்கிற மாதிரி!"

தாமு சிரித்தான். முதலில் மெதுவாக, பிறகு மூட்டுவலியெல்லாம் மறந்து.

"கெட்டுப்போகல தங்கச்சி. அது நான்தான்."

"என்னண்ணா சொல்றீங்க?"

"இதம் எப்படி வேலை பாக்குதுன்னு தெரியுமா? பாட்டைப் பிரிச்சுப் போடும். டிரம்ஸ் தனி, கிடார் தனி, குரல் தனி. அப்புறம் இதைத் தூக்கி அதைப் போட்டு, வேற ஒண்ணு தச்சுக் கொடுத்துரும். பிரிக்க முடியலன்னா அதால ஒண்ணும் பண்ண முடியாது, அப்படியே விட்டுரும். அதனால நாங்க நாலு பேரும் ஒரே ரூம்ல, ஒரே மைக்கைச் சுத்தி நின்னு, ஒரே மூச்சுல வாசிச்சோம். கஞ்சி மாதிரி குழைஞ்சு போச்சு. மெதுவா வாசிச்சாத்தான் அப்படிக் குழையும். இருதயம், நீ தோடு போட்டாலும் ஒண்ணுதான், கழட்டினாலும் ஒண்ணுதான். உனக்குப் பிடிச்சது உனக்கே பிடிச்சதுதான்டா."

இருதயராஜ் தோட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. மௌனம் வந்தது. ஒற்றை அடி விழுந்தது. அதே அடி, அதே மிதப்பு.

"எதுக்குடா இவ்வளவு மெனக்கெட்ட?" என்றார்.

"என் பொண்ணு போன வருஷம் வந்திருந்தா. பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே என் பாட்டை முணுமுணுத்தா. 'அப்பா, சின்ன வயசுலேர்ந்து இதான்ப்பா எனக்கு உயிரு'ன்னா. நல்ல மெட்டுடா அது. ரொம்ப நல்ல மெட்டு." தாமு மோவாயைத் தடவிக்கொண்டான். "நான் போட்ட மெட்டு இல்ல. அவ பொறந்ததுலேர்ந்து என் பாட்டை ஒரு தடவை கூடக் கேட்டதில்ல. சாகறதுக்குள்ள ஒண்ணாவது அவ காதுல விழணும்னு தோணுச்சு."

இருதயராஜ் மெல்லத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். கரண்டியிலிருந்து தரையில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரே விஷயம் புரிந்தது.

"பிலோமி" என்றார். "நம்ம தண்டவாளத்தைப் பாடு."

"இவங்க முன்னாலயா? கேலி பண்ணுவீங்க."

"பண்ண மாட்டேன்."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள். படகு ஒன்று கரையை விட்டு விலகுவது போன்ற மெட்டு, அதில் ரயிலே இல்லை. முடிந்ததும் தாமு கைகூப்பினான்.

"சுருதி சுத்தமா இருக்கு தங்கச்சி. எங்கேயும் தடம் புரளல. ஆனா அப்படி ஒரு பாட்டு நான் போட்டதே இல்ல."

பிலோமி சுவர்ப் பக்கமிருந்து திரும்பவில்லை. "அப்போ கல்யாணமான புதுசுல நான் அழுதது?"

இருதயராஜ் எழுந்து போய் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். இருபது வருஷத்துக் கேலியை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மெட்டை எனக்குச் சொல்லிக் கொடு" என்றார். பிலோமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "முதல்ல அதைப் போடுங்க" என்று ஸ்பீக்கரைக் காட்டினாள். "முழுசாக் கேக்கறேன்."

கேட்டாள். சோபாவின் நுனியில், பல் டாக்டர் வீட்டுக்கு வந்தவள் போல உட்கார்ந்து கேட்டாள். பிரியாணி அடிப்பிடித்தது, யாரும் எழவில்லை. இரண்டாவது பாட்டின் மௌனத்தில் அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். 'இப்போ என்ன?' என்று கண்ணால் கேட்டாள். அவர் விரலைத் தூக்கி, 'பொறு' என்றார். அடி விழுந்ததும் அவள் தோள் குலுங்கியது.

கடைசிப் பாட்டு முடிந்தது. இருதயராஜ் தேங்காயை எடுத்தார். அன்வர் வழிவிட்டான். கோதண்டபாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"வைங்க அதை" என்றாள் பிலோமி.

"ஏன்டி?"

"எனக்குப் பிடிக்கல."

தாமுவின் முகம் விழுந்தது. பிலோமி தேங்காயை வாங்கி ஃப்ரிட்ஜின் மேல் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. உங்க ஃபிரெண்டுக்கு ஒரு வாரம் ஆச்சுல்ல? எனக்கும் ஒரு வாரம் குடுங்க. பிடிக்காத பாட்டை நான் கேட்டதே இல்ல. எப்படிக் கேக்கறதுன்னே தெரியல." அப்புறம் கணவனிடம் திரும்பி, "நாளைக்கு மறுபடி போடுங்க. அந்த நடுவுல நிக்கற இடம் மட்டும் முதல்ல" என்றாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதற்கு வேதவல்லிதான் சாட்சி. சனிக்கிழமை காலை, இருதயராஜ் வேலைக்குப் போன பிறகு, மொட்டை மாடியில் வடாம் உலர்த்திக்கொண்டிருந்தாள். பிலோமி தனியாக ஏறி வந்தாள். காதில் தோடு இல்லை. ஸ்பீக்கரும் இல்லை, மாலையும் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் ஒரே போடு, தேங்காய் இரண்டாயிற்று.

"யாருக்கு வேண்டுதல்?" என்று கேட்டாள் வேதவல்லி. கேட்காமல் இருப்பாளா?

"மன்றத்து வேலை" என்று சொல்லி, பிலோமி ஒரு மூடியை அவள் கையில் கொடுத்தாள். "இந்தாங்க, சட்னிக்கு வச்சுக்கோங்க."

படியிறங்கும்போது அவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே போனாள். அந்தப் பெண்ணுக்குச் சுருதி சேராது என்று அடுக்ககம் முழுக்கத் தெரியும். ஆனால் வேதவல்லி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு வாரத்துக்கு மேலாக இருதயராஜ் மாடிப்படியில் முணுமுணுத்து அவள் உயிரை வாங்கிய அதே மெட்டு. நடுவில் முணுமுணுப்பு நின்றது. செருப்புச் சத்தமும் நின்றது. விழுந்துவிட்டாளோ என்று வேதவல்லி எட்டிப் பார்த்தாள்.

பிலோமி படியில் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பிறகு 'தொம்' என்று ஒரு மிதி மிதித்துவிட்டு, இறங்கிப் போனாள்.